கருவேல முள்ளும் கரம்பை மண்ணும்: நம் பக்கத்துக்கு ஏ.டி. டயர் தேவையா?

தேவகோட்டை வாசகர், 9 ஆகஸ்ட் 2023

2014ஆம் ஆண்டு பொலேரோ ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கி ஒன்றரை ஆண்டாகிறது. நான்கு டயரும் மொட்டையாகிவிட்டன. தினமும் காரைக்குடிக்கு வேலைக்குப் போய் வருகிறேன். போக வர 40 கிலோமீட்டர், முழுக்கத் தார்ச்சாலை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வயலுக்குப் போவேன். கண்மாய்க்கரையை ஒட்டி இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. போன மழைக்காலத்தில் இரண்டு முறை சிக்கி, டிராக்டர் கட்டி இழுத்தோம். கடைக்காரர் 215 மி.மீ. அகலத்துக்குப் பதிலாக 235 அளவில் ஏ.டி. டயர் (தார்ச்சாலை, மண்பாதை இரண்டுக்குமானது) போடச் சொல்கிறார். வண்டி உயரும், எங்கே வேண்டுமானாலும் ஏறும் என்கிறார். போடலாமா? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

என் பதில், 9 ஆகஸ்ட் 2023, இரவு

போடுங்கள் தம்பி. யோசிக்கவே வேண்டாம்.

எனக்கு வீடு காரைக்குடி, தோப்பு கல்லல் பக்கம். என்னுடையதும் பொலேரோதான், 2020 மாடல். வண்டியோடு வந்த, தார்ச்சாலைக்கான எச்.டி. டயரிலேயே 46,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கடைசி ஓராண்டில் மட்டும் ஒன்பது பஞ்சர், ஒன்பதும் சீமைக் கருவேல முள். முன்பு வைத்திருந்த ஜீப்பில் பட்டன் டயர் (மேலே தடித்த ரப்பர் கட்டிகள் துருத்தியிருப்பது) போட்டிருந்தேன். அதில் முள்ளைப் பற்றிய நினைப்பே வந்ததில்லை. நானும் ஐப்பசி மழைக்கு முன்னால் ஏ.டி.க்கு மாறப்போகிறேன்.

10 ஆகஸ்ட் 2023

235 விஷயத்தைக் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன்.

215/75 ஆர் 15 என்றால் அகலம் 215 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 75 சதவீதம், அதாவது 161.25. ரிம் 15 அங்குலம், 381 மி.மீ. மேலே ஒரு பக்கச்சுவர், கீழே ஒரு பக்கச்சுவர் சேர்த்தால் டயரின் மொத்த உயரம் 703.5 மி.மீ. இதே கணக்கில் 235/75 ஆர் 15 போட்டால் 733.5 மி.மீ. ஆக வண்டி 30 மி.மீ. உயர்ந்துவிடும். செம்புறாங்கல் துருத்திக்கொண்டு நிற்கும் பாதையில் 30 மி.மீ. என்பது பெரிய விஷயம். கடைக்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

10 ஆகஸ்ட் 2023, மாலை

காலையில் எழுதியது தவறு. டயரின் உயரம் 30 மி.மீ. கூடினாலும் அச்சு நிற்பது டயரின் நடுவில். அதற்குக் கீழே இருக்கும் பாதிதான் வண்டியைத் தூக்கும். 15 மி.மீ. மட்டுமே கிடைக்கும். ஒரு சுண்டுவிரல் பருமன்.

அந்தப் 15 மில்லிமீட்டருக்கு என்ன விலை கொடுக்கிறோம் என்று பாருங்கள். சுற்றளவு 4.26 சதவீதம் கூடுகிறது. வேகமானி 100 காட்டும்போது வண்டி உண்மையில் 104க்கு மேல் போகும். எஞ்சின் ஒவ்வொரு சுற்றுக்கும் கூடுதலாக இழுக்க வேண்டும். ஸ்டீயரிங்கை முழுக்க ஒடிக்கும்போது மட்கார்டில் உரசுகிறதா என்ற கவலை வேறு. தம்பி, ஏ.டி. போடுங்கள், ஆனால் 215இலேயே போடுங்கள். அளவை மாற்றாதீர்கள்.

21 ஆகஸ்ட் 2023

காரைக்குடியில் மூன்று கடை ஏறி இறங்கினேன். மூன்று கடையிலும் கேட்ட ஒரே சொல்: "இது எல்லா இடத்திலும் போகும் சார்." அதனால் அடிப்படையிலிருந்து எழுதுகிறேன்.

எச்.டி. என்பது தார்ச்சாலைக்கானது. பட்டன்கள் நெருக்கமாக, ஏறக்குறைய தொடர்ச்சியான பட்டைகளாக இருக்கும். தரையில் படும் ரப்பர் அதிகம், சத்தம் குறைவு. எம்.டி. சேற்றுக்கானது. பட்டன்கள் பெரியவை, நடுவில் விரல் நுழையும் இடைவெளி. சேற்றை வாரி வெளியே எறிவதற்கு அந்த இடைவெளி வேண்டும். ஏ.டி. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நடுவில் என்றால் எச்.டி.யை ஒட்டி நிற்பவையும் உண்டு, எம்.டி.யை ஒட்டி நிற்பவையும் உண்டு. ஏ.டி. என்ற இரண்டெழுத்தை மட்டும் பார்த்து வாங்கினால் என்ன வாங்கினோம் என்றே தெரியாது. எம்.ஆர்.எஃப் வாண்டரர், சியட் ஸார், அப்போலோ ஆப்டெரா, யோகோஹாமா ஜியோலாண்டர், பி.எஃப்.குட்ரிச் கே.ஓ.2 என்று பெயர்கள் வரிசையாக வரும். பெயரை விட்டுவிட்டு டயரைத் தரையில் நிறுத்தி, இரண்டு பட்டன்களுக்கு நடுவில் விரலை வைத்துப் பாருங்கள். பட்டனின் மேல் முகத்தில் மெல்லிய வெட்டுகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். ஈரச் சாலையில் பிடிப்பைக் கொடுப்பவை அந்த வெட்டுகள்தான்.

ஒரு கடையில் பக்கச்சுவரில் மலையும் நடுவில் பனிச்சில்லும் போட்ட சின்னத்தைக் காட்டி, மழைக்கு இதுதான் உத்தரவாதம் என்றார்கள். அந்தச் சின்னம் பனி படர்ந்த தரையில் எவ்வளவு இழுவை கிடைக்கிறது என்ற சோதனைக்குக் கொடுப்பது. ஈரத் தார்ச்சாலையில் பிரேக் பிடிப்பதற்கும் அதற்கும் தொடர்பில்லை. காரைக்குடியில் பனி பெய்தால் பார்த்துக்கொள்ளலாம். எம்+எஸ் என்ற எழுத்தும் அப்படித்தான். பட்டனின் அமைப்பைச் சொல்வதே தவிர, சோதனையில் தேறியதற்கான சான்று அல்ல.

பார்க்க வேண்டிய எண் வேறு. அளவுக்குப் பக்கத்தில் 100 எஸ் என்று இருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும். எஸ் என்றால் மணிக்கு 180 கிலோமீட்டர் வரை. நம் வண்டி 180இல் போகப்போவதில்லை, ஆனால் சுமை எண்ணில் ஒரு புள்ளிகூடக் குறையக் கூடாது.

6 அக்டோபர் 2023

மாற்றிவிட்டேன். 215/75 ஆர் 15, நடுத்தர ஏ.டி., ஸ்டெப்னியோடு ஐந்து.

ஒவ்வொரு டயரிலும், அது தயாரான நாளைச் சொல்லும் நான்கு இலக்க எண்ணைத் தேடிப் பார்த்தேன். முதல் இரண்டு இலக்கம் வாரத்தையும், அடுத்த இரண்டு இலக்கம் ஆண்டையும் குறிக்கும். 2923 என்றால் 2023ஆம் ஆண்டின் 29ஆவது வாரம். நான்கு டயர் 2923. ஐந்தாவது 1121! ஸ்டெப்னிக்குத்தானே என்றார் கடைக்காரர். ஸ்டெப்னிதான் நடுவழியில் நம்மைக் காப்பாற்றப்போவது. மாற்றி வாங்கினேன். டயர் அறையில் சும்மா கிடந்தாலும் ரப்பருக்கு வயதாகிறது. கொஞ்சம் சங்கடப்பட்டாலும் பரவாயில்லை, கேட்டு வாங்குங்கள்.

என்ன நிறுவனம் என்று பலர் கேட்பீர்கள். சொல்லப்போவதில்லை. ஒருவன் போட்ட ஐந்து டயரை வைத்து ஒரு பெயருக்குத் தீர்ப்பு எழுதுவது சரியல்ல.

அப்பத்தாவைக் குன்றக்குடிக்கு அழைத்துப்போனேன். வேகம் அறுபதைத் தாண்டியதும் ஒரு இரைச்சல். "என்னப்பா, வண்டிக்குள்ளே மாவு மில் ஓடுகிறதா?" என்று கேட்டார்.

14 அக்டோபர் 2023

தம்பி, இன்னும் வாங்கவில்லை என்றால் கொஞ்சம் பொறுங்கள்.

திருச்சியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். திருமயம் நெருங்கும்போது மழை பிடித்தது. பருவத்தின் முதல் மழை. இத்தனை மாதம் படிந்த தூசியும் எண்ணெயும் சாலையின் மேல் மிதக்கும் நேரம். 70இல் போகிறேன். முன்னால் போன வேன் ஒரு மாட்டுக்காகச் சட்டென்று நின்றது. பிரேக்கை மிதித்தேன். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். காலுக்கடியில் கடகடவென்று உதறியது, வண்டி நின்றபாடில்லை. கோட்டை கண்ணெதிரே தெரிகிறது, வேனின் பின்கதவு பெரிதாகிக்கொண்டே வருகிறது. இரண்டு முழம் இருக்கும்போது நின்றது.

இறங்கி ஓரமாக நின்றேன். கை நடுங்கியது. ஆகஸ்டில் "யோசிக்கவே வேண்டாம்" என்று எழுதியவன் நான்தான். அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். யோசிக்க வேண்டும்.

உங்கள் வண்டி 2014 மாடல். எல்லாப் புதிய கார்களுக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான். உங்களுடையதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் இதே இடத்தில் நான்கு சக்கரமும் பூட்டிக்கொண்டு வழுக்கியிருக்கும்.

22 அக்டோபர் 2023

மனம் ஆறவில்லை. கோனாபட்டில் இருக்கும் என் மைத்துனரிடமும் பொலேரோ இருக்கிறது, எச்.டி. டயர், பாதி தேய்ந்தது. இன்று காலை தூறல் விட்டதும், ஆளில்லாத நேரான சாலையில் இரண்டு வண்டியையும் ஓட்டிப் பார்த்தோம். 50 கிலோமீட்டர் வேகம், ஒரே பனைமரத்தை நேராகக் கடக்கும்போது முழுப் பிரேக். நின்ற இடம்வரை காலடியால் அளந்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் மூன்று முறை. அவருடையது 21, 22, 21 அடி வைப்பு. என்னுடையது 26, 25, 26.

நான்கைந்து எட்டு வித்தியாசம். திருமயத்தில் என்னிடம் மிச்சமிருந்தது ஏறக்குறைய ஒரே ஒரு எட்டுதான்.

காரணம் புரிகிறது. பள்ளத்தில் தேங்கிய தண்ணீரில் ஏ.டி. நன்றாகவே போகிறது, டயரின் பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் ஆழமான பள்ளங்கள் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளுகின்றன. சிக்கல் இருப்பது மேலோட்டமாக நனைந்த சாலையில். அங்கே வேலை செய்வது தரையைத் தொடும் ரப்பர். பட்டன்களுக்கு நடுவில் இடைவெளி கூடக்கூடத் தொடும் ரப்பர் குறைகிறது.

23 அக்டோபர் 2023

புதுக்கோட்டையில் பொறியியல் பாடம் நடத்தும் ஒரு வாசகர் நேற்றைய அளவை ஏற்கவில்லை. அவர் சொல்வது சரி. புது டயரில், தயாரிக்கும் வார்ப்பு அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வருவதற்காகப் பூசிய பொருள் மேலே ஒட்டியிருக்கும். முதல் சில நூறு கிலோமீட்டர் ஓடி மேல்தோல் தேய்ந்தால்தான் உண்மையான பிடிப்பு வரும். திருமயத்தில் என் டயர் ஓடியிருந்தது 300 கிலோமீட்டருக்கும் குறைவு. நேற்று 500கூட ஆகவில்லை. அதோடு என் வண்டியில் இரண்டு உரமூட்டைகள் இருந்ததையும் நான் எழுதவில்லை.

ஆகவே நேற்றைய கணக்கைக் கோடு போட்டு அடித்துவிடுங்கள். 2,500 ஓடிய பிறகு, காலி வண்டியில், அதே பனைமரத்தருகே மறுபடியும் பார்க்கிறேன்.

புது டயர் மாட்டுகிற யாருக்கும் இதைச் சொல்லுங்கள். கடையில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

19 நவம்பர் 2023

மூன்று நாள் மழை. கண்மாய் நிறைந்து கலுங்கு தாண்டுகிறது. பார்க்கவே வயிறு குளிர்கிறது.

தோப்புக்குப் போகும் வழியில், கரையிலிருந்து இறங்கும் இடத்தில், ஏறக்குறைய நூறு அடிக்குக் கரம்பை, அதாவது கண்மாயில் படியும் களிமண். கோடையில் இந்த மண்ணைத்தான் வண்டி வண்டியாக வயலுக்கு அடிப்போம், தங்கம் மாதிரி மண். நனைந்தால் வெண்ணெய். ஏ.டி. இருக்கிற தைரியத்தில் இறங்கினேன். பத்தடி போனது. அதற்குள் பட்டன்களுக்கு நடுவில் இருந்த இடைவெளி முழுக்கக் கரம்பை அப்பி, நான்கு டயரும் வழுவழுவென்று உருளையாகிவிட்டன. பின்சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றி, அச்சுவரை புதைந்தது. முன்சக்கரத்துக்கு இழுவையே கிடையாது. இது இரு சக்கர இழுவை வண்டி.

டிராக்டர்தான் வந்தது. உங்களுக்குப் போன ஆண்டு வந்ததே, அதே டிராக்டர் வைத்தியம்.

தம்பி, நீங்கள் சிக்கிய இடத்தில் என்ன மண் என்று சொல்லவே இல்லையே? செம்மண்ணா, கரம்பையா?

21 நவம்பர் 2023

தேவகோட்டைத் தம்பி பதில் எழுதியிருக்கிறார்: "கரம்பைதான் அண்ணே. கரைக்கு உள்பக்கமாகப் போகும் 300 அடி மட்டும். மிச்சப் பாதை முழுக்கச் செம்புறாங்கல் சரளை. அதில் மழையிலும் சிக்கியதில்லை. வண்டியில் ஏ.பி.எஸ். இல்லை, பார்த்துவிட்டேன்."

இந்த நான்கு வரியை ஆகஸ்டிலேயே நான் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். இத்தனை நாளும் டயரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மண்ணைப் பற்றிக் கேட்கவே இல்லை.

3 டிசம்பர் 2023

இரண்டு செய்திகள்.

ஒன்று: 2,700 கிலோமீட்டர் ஓடிவிட்டது. மைத்துனரோடு மறுபடியும் பனைமரத்தருகே. காலி வண்டி, ஈரச் சாலை, 50 கிலோமீட்டர். அவர் 21, 21, 22. நான் 23, 24, 23. வித்தியாசம் பாதியாகிவிட்டது, ஆனால் இரண்டு எட்டு மிச்சமிருக்கிறது. அது போகாது. இந்த அமைப்புக்கு உரிய விலை அது. மழையில் இப்போது 55க்கு மேல் போவதில்லை, முன்வண்டிக்கு இரட்டிப்பு இடைவெளி விடுகிறேன்.

இரண்டு: செம்மண்ணில் ஏ.டி. சொக்கத் தங்கம். நனைந்த செம்மண் மேலே மட்டும் வழுக்கும், ஒரு அங்குலத்துக்குக் கீழே கெட்டியாக இருக்கும். பட்டனின் விளிம்பு மேல்தோலை வெட்டி அந்தக் கெட்டியைப் பிடித்துக்கொள்கிறது. பழைய டயரில் வண்டியின் பின்பகுதி ஒதுங்கி ஒதுங்கிப் போகும் மேட்டில், இப்போது இரண்டாம் கியரில் நேராக ஏறுகிறது. சரளையிலும் நிம்மதி. கூரான செம்புறாங்கல் பழைய டயரில் வெட்டு விழ வைக்கும். இதில் பட்டனின் ஓரத்தில் சிறு சிராய்ப்போடு போகிறது. பள்ளங்களின் அடியில் சிறு சிறு மேடுகள் வைத்திருக்கிறார்கள். மாட்டும் கல்லை அவை வெளியே தள்ளிவிடுகின்றன. எல்லாக் கல்லையும் அல்ல. வாரம் ஒருமுறை திருப்புளியால் நோண்டி எடுக்கிறேன். விட்டால் கல் உள்ளே துளைத்துக்கொண்டே போகும்.

தொண்டிப் பக்கம் கடற்கரை மணலில் ஓட்டுவது பற்றி ஒருவர் கேட்டிருந்தார். மணலில் பட்டனைவிடக் காற்றுதான் பெரிது. வழக்கமான காற்றைப் பாதியளவுக்கு, 18 அல்லது 20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் நீளவாக்கில் படிந்து மணலின் மேல் மிதக்கும். எச்.டி.யே போகும். ஆனால் காற்றடிக்கும் கருவி கையில் இல்லாமல் இறக்காதீர்கள். அந்தக் காற்றோடு தார்ச்சாலையில் ஏறி வேகமாகப் போனால் பக்கச்சுவர் மடிந்து மடிந்து சூடேறி வெடிக்கும். குறைந்த காற்றில் சட்டென்று ஒடித்துத் திருப்பினால் டயர் ரிம்மை விட்டே கழன்றுவிடும்.

31 ஜனவரி 2024

பழனிப் பாதயாத்திரைக்கு எங்கள் குழுவின் சாமான் வண்டியாக என் பொலேரோ போய் வந்தது. குன்றக்குடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழி. அண்டா, அரிசி மூட்டை, அடுப்பு, சமையல்காரர்கள் மூவர், நடக்க முடியாமல் ஏறிக்கொண்ட பெரியவர்கள் இருவர்.

புறப்படுமுன் ஓட்டுநர் கதவருகே ஒட்டியிருக்கும் காற்று அட்டையைப் பார்த்து, முழுச் சுமைக்குப் பின்சக்கரத்தில் எவ்வளவு என்று இருந்ததோ அவ்வளவு அடித்தேன். கூட வந்த இன்னொரு குழுவின் வண்டியில் இதைச் செய்யவில்லை. நத்தத்துக்கு அப்பால் அவர்களது பின்டயர் தொட்டால் சுடும் அளவுக்கு இருந்தது. எச்.டி. டயர், நல்ல டயர், காற்றுதான் குறைவு. ஏ.டி.யா எச்.டி.யா என்று இத்தனை மாதம் எழுதுகிறேன். சாலையில் நான் கண்ட சங்கடங்களில் பெரும்பாலானவை காற்றளவைப் பார்க்காததால் வந்தவை.

வேலின் அருளால் எல்லோரும் நல்லபடியாகத் திரும்பினோம்.

12 மார்ச் 2024

டீசல் கணக்கு. எச்.டி.யில் லிட்டருக்கு 14.1 கிலோமீட்டர் கிடைத்தது. ஏ.டி.யில் ஐந்து மாதச் சராசரி 13.2.

பொன்னமராவதியிலிருந்து ஒரு வாசகர், 235 போட்டதும் 14 இருந்தது 12.5 ஆகிவிட்டது என்று வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவருக்கு ஒரு ஆறுதல்: டயர் பெரிதானதால் வண்டி ஓடிய தூரத்தை மீட்டர் குறைத்துக் காட்டுகிறது. 12.5ஐ 1.0426ஆல் பெருக்குங்கள்; 13 வரும். உண்மையான இழப்பு ஒன்றுதான், ஒன்றரை அல்ல. வேகமானியும் அதே அளவு குறைத்துக் காட்டுகிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

5 மே 2024

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. பங்க்கில் நண்பகலில் காற்று பார்த்தேன். காலையில் வீட்டில் பார்த்ததைவிட 6 பி.எஸ்.ஐ. கூடுதல். பையன் இறக்கப்போனான். தடுத்துவிட்டேன். கதவட்டையில் போட்டிருப்பது குளிர்ந்த டயருக்கான அளவு. சுமார் ஐந்தரை டிகிரி வெப்பத்துக்கு ஒரு பி.எஸ்.ஐ. ஏறும். சூட்டில் இறக்கினால் மறுநாள் விடியற்காலையில் டயர் தொய்ந்து நிற்கும்.

முள் கணக்கும் சொல்கிறேன், பலர் அதற்காகத்தான் இதைப் படிக்கிறீர்கள். ஏழு மாதத்தில் ஒன்று. கரிமூட்டத்துக்காகக் கருவேலம் வெட்டிய இடத்தில் திருப்பும்போது ஏறியது. பச்சை முள்ளைவிட வெட்டிக் காய்ந்த முள்தான் ஆணி. அது ஏறியது பட்டனில் அல்ல, பட்டன்களுக்கு நடுவில் இருக்கும் பள்ளத்தில். அங்கே ரப்பர் மெல்லியதுதான். ஆகவே ஏ.டி.யில் முள்ளே ஏறாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏறும் இடம் குறைகிறது, அவ்வளவே.

முள் தெரிகிறது, காற்று இறங்கவில்லை என்றால் வழியில் பிடுங்காதீர்கள். ட்யூப்லெஸ்ஸில் அந்த முள்ளே அடைப்பாக நிற்கும். பஞ்சர் கடைவரை அப்படியே போங்கள். கடையில் வெளியிலிருந்து திரியைச் செருகுவதோடு விடாமல், டயரைக் கழற்றி உள்பக்கம் பேட்ச் ஒட்டச் சொல்லுங்கள். உடைந்த முள்முனை உள்ளே இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும். பக்கச்சுவரில் ஏறியிருந்தால் ஒட்டவே கூடாது. மைத்துனருக்கு ஒரு கடையில் பக்கச்சுவரில் திரி போட்டு அனுப்பிவிட்டார்கள். பள்ளத்தூர் தாண்டுமுன் காற்று போய்விட்டது. ஓரமாக நிறுத்த இடம் கிடைத்ததே பெரிது.

18 ஆகஸ்ட் 2024

ஓராண்டு ஓடிவிட்டது. டயர்களை இரண்டாவது முறையாக இடம் மாற்றினேன், ஸ்டெப்னியும் சுற்றில் உண்டு. புதிதில் 10.5 மி.மீ. இருந்த டயர்ப் பள்ளத்தின் ஆழம், 13,000 கிலோமீட்டருக்குப் பிறகு பின்னால் 8.8, முன்னால் 8.5. சட்டப்படி 1.6க்குக் கீழே போகக் கூடாது. மழைச் சாலைக்கு 3 மி.மீ.யிலேயே மாற்றிவிடுவேன். முன்டயர்களின் ஓரப் பட்டன்கள் ஒருபக்கமாகச் சாய்ந்து தேயத் தொடங்கியிருந்தன, அதனால்தான் இரைச்சல் கூடியிருக்கிறது. இடம் மாற்றியதும் குறைந்தது. அப்பத்தாவே சொன்னார்.

இனி தேவகோட்டைத் தம்பி. போன நவம்பரில் கரம்பை என்று எழுதிய பிறகு இருவரும் தொலைபேசியில் நிறையப் பேசினோம். கோடையில் நேரில் போய் அந்த 300 அடியை நடந்து பார்த்தேன். ஏ.டி. போட்டாலும் அங்கே சிக்குவார். அடைப்பில்லாமல் போகும் எம்.டி. வாங்கினால், ஏ.பி.எஸ். இல்லாத வண்டியை வைத்துக்கொண்டு தினமும் 40 கிலோமீட்டர் தார்ச்சாலையில், அடைமழையிலும், ஓட வேண்டும். வாரத்தில் ஒருநாள் வரும் 300 அடிக்காக ஆறு நாளும் அந்த ஆபத்தைச் சுமக்க நான் சம்மதிக்கவில்லை.

அவர் செய்தது இது. பக்கத்து வயல்காரர்கள் நால்வரோடு சேர்ந்து, பாதையின் அந்தப் பகுதியை வாய்க்கால் மட்டத்துக்கு மேலே தூக்கி, சரளை அடித்து, டிராக்டரை மேலும் கீழும் ஓட்டி அமுக்கிவிட்டார். தண்ணீர் கடக்க நடுவில் ஒரு குழாய். அவருடைய பங்கு, ஏ.டி.க்கும் எச்.டி.க்கும் இருந்த விலை வித்தியாசத்தைவிடக் கொஞ்சம்தான் கூட வந்தது. வண்டிக்கு 215இலேயே எச்.டி. போட்டுவிட்டார். போன வாரம் இரவு முழுக்கக் கொட்டிய மழைக்குப் பிறகு, நெல்மூட்டையோடு அந்தப் பாதையில் போய் வந்ததாகப் படம் அனுப்பியிருக்கிறார். பக்கத்து வயல்காரரின் டி.வி.எஸ். வண்டியும் பின்னாலேயே வந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பார்த்ததில் எனக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

நான் ஏ.டி.யிலேயே இருக்கிறேன். என் பாதையில் செம்மண் மேடும், சரளையும், ஆறு கிலோமீட்டருக்குக் கருவேலமும் இருக்கின்றன, அதுவும் தினமும்.

19 ஆகஸ்ட் 2024

தம்பி, ஒன்று விட்டுப்போய்விட்டது. நான்கு டயர் மாற்றியதாகத்தான் எழுதியிருந்தீர்கள். ஸ்டெப்னி பழையதுதானா? அதன் நான்கு இலக்க எண்ணைப் பார்த்து எழுதுங்கள். சனிக்கிழமை தேவகோட்டைக்கு வருகிறேன். காற்றளவு பார்க்கும் கருவியைக் கையோடு கொண்டுவருகிறேன், காலையில் வண்டியை எடுக்குமுன் ஐந்தையும் பார்த்துவிடுவோம்.